எதிர்மின்வாய்

ரெக்டிஃபையர் குபேந்திரனுடையது.
கீரைத்துறைப் பட்டறையில் பதினெட்டு வருடம்
பித்தளைக் குழாய்களுக்கு நிக்கல் ஏற்றியது.
பட்டறை மூடியபின் பழைய இரும்பு விலைக்கு வாங்கினோம்.
ரசீதில் ‘மின்சாதனம், ஒன்று’ என்றிருக்கிறது.

இப்போது அது வெள்ளைக்கல் கொட்டகையில்.
முழங்கால் உயரத் தொட்டி. தொட்டியில் நகரத்தின் சேறு:
குளியலறை, கறிக்கடை, சாயப்பட்டறை,
யாரும் கணக்குச் சொல்லாத இன்னும் பல.
கறுப்பாய், பொதபொதவென்று,
பார்த்தால் நல்ல உரம் மாதிரி.
அதுதான் சிக்கல்.

முதலில் அமிலம்.
எலுமிச்சைக்குள் இருப்பதேதான், இங்கே மூட்டையில் வரும்.
கரைத்து ஊற்றிக் கிண்டினால்
சேறு தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும்.
பிறகு தகடுகள்.
பிறகு இருபது வோல்ட்.

நேர்மின்வாய் நுரைக்கும்.
எதிர்மின்வாய் தின்னும்.
பல்லில்லாத பசி அதற்கு,
இரவெல்லாம் சப்பிக்கொண்டிருக்கும்.
செம்பு முதலில் வரும். துத்தநாகம் இழுத்தடிக்கும்.
குரோமியத்தில் ஒரு பங்கு
எல்லோரும் போகும் திசைக்கு எதிரே நடக்கும்.
காரணம் பாடத்தில் உண்டு,
ஆனாலும் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

மூன்றாம் நாள் காலை தகட்டில் சிவப்பு.
கழுவிக் கழுவி மங்கிய மருதாணி போல
விளிம்பில் மட்டும்.

மிஷினைப் பார்க்க வந்தார் குபேந்திரன்.
மூடியைத் தட்டினார். விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.
தகட்டை நகத்தால் சுரண்டி,
“பூச்சு நிக்கலையேம்மா, பொலபொலன்னு உதிருது” என்றார்.
உதிரத்தான் வேண்டும் என்றேன்.
வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“சனிக்கிழமை ராத்திரி கழுவுத்தண்ணி ஒரு வாளி.
வாய்க்கால்லதான்.
இதுல என் நிக்கல் எவ்வளவு இருக்கும்?”

நிக்கலில் பெயர் பொறித்திருக்காது என்றேன்.
மனதுக்குள் பெருக்கிவிட்டேன், அது வேறு:
வருடத்துக்கு ஐம்பது, பதினெட்டு வருடம்,
தொள்ளாயிரம் வாளி.
டீ வாங்கி வந்தேன். குடித்தார்.
போகும்போது பின்பக்க ஃபியூஸ் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்,
காசு வாங்கவில்லை.

காரீயம் மட்டும் அசையவில்லை.
அமிலத்தை மாற்றினேன், நாளைக் கூட்டினேன்,
பத்தில் எட்டுப் பங்கு இருந்த இடத்திலேயே.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
பொறியாளர் கேட்கும் அறிக்கையும் அப்படித்தான்.
நான் இருந்ததை இருந்தபடி எழுதினேன்.
திருப்பி அனுப்பினார். மறுபடி அதையே எழுதினேன்.

நெடுங்குளத்து இருளாயி வாரம் ஒருமுறை கூப்பிடுவாள்.
“சேறு எப்பத் தருவீக?”
கீரைக்கு வேண்டாம், மல்லிக்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்பேன்.
“பூவைத் தின்னவா போறாக” என்று சிரிப்பாள்.
இந்த வாரம் சிரிப்பு பாதியில் நின்றது.
“ஆடு மேயுமே, பொண்ணு.
மல்லிக்கொடிய விடாதே அது.”
நான் எழுதிய எந்தப் பக்கத்திலும்
ஆடு இல்லை.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது, அது போயே இருக்கிறது.
மின்சாரம் நின்றால் அமிலத்தில் கிடக்கும் தகடு
தின்றதையெல்லாம் மெல்லத் துப்பத் தொடங்கும்.
போனை வாயில் கவ்வி, வெளிச்சத்தைக் கீழே காட்டி,
பன்னிரண்டையும் ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்.
கையுறைக்குள் வியர்வை.
வெளியே குப்பைமேட்டில் நாய்கள்.

சுரண்டி, கழுவி, உலர்த்தி நிறுத்தேன்:
நாற்பத்தோரு கிராம்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதினேன்.
எங்கிருந்து என்று ஒரு கட்டம் இருந்தது.
பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குள் வந்துவிட்டது.
விசிறி இருமிச் சுழன்றது. தகடுகளை இறக்கினேன்.
முள் எழுந்து பத்தொன்பதில் நின்றது.
இருபதுக்கு என்றுமே போனதில்லை,
பழைய மிஷின்.